ஹூஸ்டன் மேற்குப் பக்கம் புது கம்யூனிட்டில வீடு வாங்கறீங்களா? இதெல்லாம் பாத்துட்டு கையெழுத்து போடுங்க

கேட்டி, ஃபுல்ஷியர் பக்கம் போனா எங்க திரும்புனாலும் பில்டர் போர்டுதான். செயற்கை ஏரி, நீச்சல் குளம், நடைபாதைனு ஊரையே ப்ளான் போட்டு கட்டி விக்கறாங்க. மாடல் ஹோம்ல நீங்க பாக்குறது முக்காவாசி அப்கிரேட், கவுண்டர், பேட்டியோ, உயரமான கதவு எல்லாத்துக்கும் தனி காசு, அதனால அடிப்படை விலைல என்னென்ன வருதுனு எழுத்துல வாங்கிட்டு வெளிய வந்துருங்க. அங்க சிரிச்சு பேசுறவங்க பில்டரோட ஆளு. உங்களுக்குனு ஏஜென்ட் வேணும்னா முதல் தடவையே கூட்டிட்டு போங்க, அப்புறம் சேத்துக்க நிறைய பில்டருங்க ஒத்துக்க மாட்டாங்க.

வீட்டு விலைய விட வரிய முதல்ல பாருங்க. டெக்சாஸ்ல ஸ்டேட் இன்கம் டாக்ஸ் இல்லனு சந்தோஷமா வர்றோம், ஆனா ப்ராபர்ட்டி டாக்ஸ்ல தீட்டிருவாங்க. கவுண்டி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு மேல எம்யூடினு (முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட்) ஒண்ணு வரும். சிட்டி எல்லைக்கு வெளிய தண்ணி, சாக்கடை, மழைநீர் வடிகால் போட்ட செலவ பாண்டு (கடன் பத்திரம்) வித்து டெவலப்பருக்கு குடுத்துருவாங்க, அந்த பாண்ட வருஷா வருஷம் அடைக்கறது அங்க குடியிருக்கற நாமதான். அதனால கம்யூனிட்டி புதுசா இருந்தா பொதுவா ரேட்டும் ஜாஸ்தி, எல்லாம் சேத்து 3 சதவீதம் வர்றது இங்க சாதாரணம். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 3 சதவீதம்னா, எக்ஸம்ப்ஷன் (வரி விலக்கு) கழிக்கறதுக்கு முன்னாடி மாசம் 1,000 டாலர் வரிக்கே போகுது, இதுக்கு மேல ஹெச்ஓஏ, அதாவது வீட்டுக்காரங்க சங்கத்துக்கு கட்டற காசு. சின்கோ ரான்ச் மாதிரி பழைய ஏரியால ரேட் நல்லாவே கம்மி, கிச்சன் பழசா இருந்தாலும் மாசக் கணக்கு போட்டா சிலசமயம் அதுதான் கட்டுப்படியாகும்.

நம்மாளுங்க வழக்கமா மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. வரிய ஜனவரி 1 நிலவரப்படி போடுவாங்க. அன்னிக்கு உங்க ப்ளாட் வெறும் மண்ணா இருந்தா முதல் வருஷம் மண்ணுக்கு மட்டும்தான் வரி, அட பரவால்லயேனு இருப்பீங்க, அடுத்த வருஷம் முழு வீட்டுக்கும் பில் வந்து எஸ்க்ரோல (வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் பேங்க் தவணையோட பிடிச்சு வைக்கற கணக்கு) துண்டு விழுந்து மாசத் தவணை நூத்துக்கணக்குல ஏறிடும். அதனால பேங்க் சொல்ற தவணைய நம்பாம முழு வீட்டு மதிப்புக்கு நீங்களே கணக்கு போட்டு பாருங்க. குடி வந்ததும் ஹோம்ஸ்டெட் எக்ஸம்ப்ஷனுக்கு (நாமளே குடியிருக்கற வீட்டுக்கு கிடைக்கற வரி விலக்கு) அப்ளை பண்ண மறந்துராதீங்க, சும்மா கிடைக்கற காசு.

அடுத்தது தண்ணி, இத நான் எல்லாத்துக்கும் மேல வைப்பேன். 2017ல ஹார்வி புயல் வந்தப்ப, வெள்ளத்த தேக்கி வைக்கற பார்க்கர், ஆடிக்ஸ் ரிசர்வாயர் ரெண்டும் நிரம்பி, பின்பக்கமா தேங்குன தண்ணி ஆயிரக்கணக்கான வீட்டுக்குள்ள போச்சு, சின்கோ ரான்ச்ல சில பகுதியும் அதுல உண்டு. நிறைய வீடு மேப்ல காட்டுற வெள்ள அபாயப் பகுதிக்கு வெளியதான் இருந்துச்சு. ரிசர்வாயர் முழுசா நிரம்பினா தண்ணி எதுவரைக்கும் வருமோ அதுவரைக்கும் நிலத்த அரசாங்கம் வாங்கல, அந்த விட்டுப்போன இடத்துலதான் வீடு கட்டி வித்தாங்க. ஃபோர்ட் பெண்ட் கவுண்டி பக்கம் சில ப்ளாட் வரைபடத்துல பொடி எழுத்துல எச்சரிக்கையே போட்டிருந்துச்சு, யாரு படிச்சா? அதனால மேப்ப மட்டும் பாத்து நிம்மதியாகாம, அந்த வரைபடத்த வாங்கி படிங்க, நல்ல மழை பெஞ்ச மறுநாள் போய் ரெண்டு வீட்டுக்கு நடுவுல உள்ள சந்துல தண்ணி நிக்குதா, தெருவுக்கு ஓடுதானு பாருங்க. வெள்ள இன்ஷூரன்ஸ் எடுத்துருங்க, புயல் வருதுனு நியூஸ் பாத்துட்டு அரசாங்க பாலிசி எடுத்தா 30 நாள் கழிச்சுதான் அமலுக்கு வரும்.

ஸ்கூல் விஷயத்துல, அட்ரஸ்ல கேட்டினு இருந்தா கேட்டி ஐஎஸ்டினு (கேட்டி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) நினைச்சுறாதீங்க. லாமர், ராயல் டிஸ்ட்ரிக்ட்லயும் கேட்டி அட்ரஸ் வரும், டமாரான் மாதிரி ஒரே கம்யூனிட்டி ரெண்டு டிஸ்ட்ரிக்ட்ல பிரிஞ்சு கிடக்கும். வீட்டு நம்பர போட்டு டிஸ்ட்ரிக்ட் சைட்ல பாருங்க. ஜனம் குவியுற ஊர்ல ஸ்கூல் எல்லைய மாத்திட்டே இருப்பாங்க, இப்ப இருக்கற எலிமெண்ட்ரிய நம்பி கூடுதலா காசு குடுக்காதீங்க.

கிழக்கு பாத்த வீடு வேணும்னு நாம கேப்போம்னு பில்டருக்கும் இப்ப தெரியும், அதனால ப்ரீமியம் கேக்கலாம், பேரம் பேசுங்க. பின்னாடி காலியா பச்சையா இருந்தா அது என்னவா வரப்போகுதுனு கேளுங்க, நாளைக்கே பெட்ரோல் பங்க் வரலாம். அடுப்புக்கு மேல உள்ள ஹூட் புகைய வெளிய தள்ளுதா இல்ல வடிகட்டி திரும்ப நம்ம மூஞ்சிலயே விடுதானு பாருங்க, மிளகாய் தாளிக்கற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்ல, கட்டறப்பவே சொன்னாதான் சுலபம்.

புது வீடுதானேனு இன்ஸ்பெக்டர விட்டுறாதீங்க. நம்ம காசுல ஆள் வச்சு, சுவத்த மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சாவி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்க சொல்லுங்க. இந்த மண்ணு களிமண், மழைல ஊதும், வெயில்ல சுருங்கும், ஃபவுண்டேஷன் விரிசல் இங்க சகஜம். பெரும்பாலும் முதல் வருஷ வாரண்டிலதான் சின்ன ரிப்பேர் எல்லாம் வரும், அதனால பதினோராவது மாசம் இன்னொரு தடவை பாக்க வச்சு லிஸ்ட்ட பில்டருக்கு எழுத்துலயே அனுப்புங்க.