கஸ்டம் கார்களில் பூச்சில்லா அலுமினியம்: துலக்குவதும் காப்பதும்

கஸ்டம் கார்களில், அதாவது உரிமையாளரின் விருப்பப்படி மாற்றியமைத்த கார்களில், இன்ஜினின் வால்வு கவர், இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி), சக்கரம் போன்ற அலுமினியப் பாகங்களைப் பெயின்ட் பூசாமல் அப்படியே விடுவதுண்டு. அவற்றைத் துலக்கும் முன், அது உண்மையிலேயே வெறும் உலோகம்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நன்றாகக் கழுவிய பிறகு, கண்ணில் படாத ஒரு மூலையில் சிறிது மெட்டல் பாலிஷைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். துணி உடனே கறுத்தால் அது பூச்சில்லா அலுமினியம். கறுக்காவிட்டால் மேலே கிளியர் கோட்டோ (நிறமற்ற காப்புப் பூச்சு), அனோடைஸ் படலமோ (மின்சாரம் செலுத்தி வளர்த்த ஆக்சைடு படலம்) இருக்கக்கூடும். மிக மெல்லிய அந்தப் படலம் தேய்ந்தால் மீண்டும் வராது என்பதால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

காற்றுப் பட்டதும் அலுமினியம் தானாகவே மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (7 நடுநிலை) ஏறத்தாழ 4 முதல் 8.5 வரை இருக்கும்வரை அந்தப் படலம் நிலைத்து நின்று உலோகத்தைக் காக்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால் அமிலத்திலும் கரைகிறது, காரத்திலும் கரைகிறது. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கவென்று காரமான காஸ்டிக் சோடா கலந்த டீகிரீசரைத் தெளித்துச் சற்று நேரம் விட்டால், பளபளத்த பாகம் சாம்பல் பூத்துத் திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். அந்தக் கறை எத்தனை முறை கழுவினாலும் போகாது, உப்புத்தாள் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அமிலம் கலந்த வீல் கிளீனரும் இப்படித்தான் கெடுக்கும். ஆகவே உலோகம் ஆறிய பின், நிழலில் வைத்து, பி.எச். நடுநிலையான ஷாம்பூவால் கழுவுவதே போதுமானது.

வார்ப்புப் பாகங்களின் சொரசொரப்பான பரப்பில் பாலிஷ் பூசாதீர்கள். அது நுண்துளைகளில் புகுந்து காய்ந்து நின்றுவிடும். அவற்றுக்கு நைலான் பிரஷ் போதும். இரும்பு நாரையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து பின்னர் துருப்பிடிக்கும். வழவழப்பான பரப்பில் கீறல் இருந்தால் 600, 1000, 2000 என்ற கிரிட் எண் வரிசையில் (எண் கூடக்கூடத் தாள் நுண்மையாகும்) நீர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய தாளின் கோடுகள் முழுதாக மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். இங்கே அவசரப்பட்டால், பாலிஷ் போட்டதும் விட்டுப்போன கோடுகள் எல்லாம் தெளிவாகத் தெரியும். பாலிஷைச் சிறு சிறு பகுதிகளாகப் போட்டு, அது காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுங்கள்.

பின்னர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையை நீக்கிவிட்டுக் காப்புப் பூச்சிட வேண்டும். சூடேறாத பாகங்களுக்கு மெழுகு நன்று. ஆனால் கார்னாபா மெழுகு 80 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டியதும் உருகிவிடும் என்பதால், இன்ஜின் பாகங்களுக்கு வெப்பம் தாங்கும் செராமிக் கோட்டிங்கே ஏற்றது. கிளியர் லேக்கரை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் ஒரு சிறு சில்லு பெயர்ந்தாலும் ஈரம் உள்ளே புகுந்து, அரிப்பு நூல் நூலாகப் படலத்தின் அடியில் பரவும்.

எஃகு போல்ட் நேரடியாக அலுமினியத்தைத் தொடும் இடங்களில், குறிப்பாக உப்பு ஈரம் படும் சாலைகளில், அலுமினியம்தான் முதலில் அரிக்கப்படும். மாட்டும்போதே மரைகளில் ஆன்டி சீஸ் பேஸ்ட் (மரைகள் ஒட்டிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவி, தலைக்கு அடியில் நைலான் வாஷர் வைக்க முடிந்த இடங்களில் வைத்துவிடுங்கள். அதிக இறுக்கம் வேண்டிய போல்ட்களுக்கும் சக்கர நட்டுகளுக்கும் மட்டும், தயாரிப்பாளர் சொன்னதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது.