304 மேசையில் நாலாவது ஆளை விரட்டும் வேலைகள்

யாழ்ப்பாணத்துப் பக்கம் சனசமூக நிலையம் உள்ள ஊர்களில், பின்னேரம் பேப்பர் வாசிக்க வருகிறவர்களோடு 304 என்கிற சீட்டாட்டம் விளையாட வருகிறவர்களும் இருப்பார்கள், எங்கள் ஊரில் பின்னவர்கள்தான் கூட. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஜோடி கட்டி விளையாட நாலு பேர் வேண்டும். மூன்று பேர் வாங்கில் குந்திக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று ஒழுங்கையைப் பார்த்தபடி இருக்கிற பின்னேரம் எவ்வளவு நீளம் என்று பட்டவர்களுக்குத் தெரியும். அந்த நாலாவது ஆளை நாங்களே விரட்டுகிற விதங்களைத்தான் கீழே எழுதுகிறேன்.

கணக்குச் சொல்லிக்கொடுக்காமல் புதியவரை இருத்துவது முதல் பிழை. 2 முதல் 6 வரை ஒதுக்கினால் மிஞ்சுவது 32 தாள். ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலுக்கும் 304, பெயரும் அதுதான். ராசாவை ஒன்பது அடிக்கும் என்பது ரம்மி பழகிய மண்டைக்குள் இறங்க இரண்டு நாளாவது வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பெடியன் ஒன்பதை எதிராளியின் பிடியில் (ஒரு சுற்றில் விழும் நாலு தாள்தான் பிடி) போட்ட பிறகு "இருபதைத் தூக்கிக் குடுத்திட்டியே!" என்று கத்தினால், அடுத்த நாள் அவன் கிரிக்கெட் விளையாடப் போய்விடுவான்.

அப்புறம் விதிகள். முதல் நாலு தாள் வந்ததும் கேள்வி, அதாவது இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்பது, 160இல் தொடங்கும், அதில் சண்டை குறைவு. எட்டுத் தாளும் வந்த பிறகு எவ்வளவு கேட்கலாம், கை மோசமென்றால் திரும்பப் போடலாமா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு. கனடாவிலிருந்து லீவில் வந்த அண்ணை ஒருவர் இதிலேயே கோபித்துக்கொண்டு தாளை எறிந்துவிட்டுப் போனார். தொடங்க முதல் இரண்டு நிமிடம் கதைத்திருந்தால் போதும்.

எல்லாவற்றிலும் மோசம் சைகை. துரும்புத் தாள் (மற்ற இனங்களை வெட்டுகிற இனத்தைக் குறிக்கும் தாள்) கவிழ்ந்து கிடக்கும், கேட்டவரைத் தவிர அவருடைய ஜோடிக்குக்கூட அது என்ன இனம் என்று தெரியாது, ஆட்டத்தின் ருசியே அதில்தான் இருக்கிறது. எங்கள் மாமா ஒருவர் ஆட்டின் (ஹார்ட்ஸ்) என்றால் நெஞ்சைத் தடவுவார், ஸ்கோப்பன் (ஸ்பேட்ஸ்) என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். தான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு. எதிர்ப் பக்கத்துக்கும் அது பாடமாகிவிட, ஒரு மாதமாக அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தோற்றார், ஏன் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. சிரிக்கலாம்தான், ஆனால் அவருக்கு ஜோடியாக இருக்க ஒருவரும் சம்மதிக்கவில்லையே. பின்னால் நின்று கையைப் பார்த்துவிட்டு "ம்ம்" கொட்டுகிறவர்களையும் இதே கணக்கில் சேருங்கள்.

காசு வேண்டாம். தோற்றவர் பிளேன்டீ வாங்கித் தருவது வேறு கதை. பொதுமக்கள் வந்துபோகிற இடத்தில் பந்தயம் கட்டி விளையாடுவதை 1889ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் குற்றமாகவே பார்த்துவந்தது. பொலிசை விடுங்கள், வீட்டுக்காரி ஒருத்தி நிலையத்து வாசலில் வந்து நின்று கேட்டால் நிர்வாகம் என்ன பதில் சொல்லும்?

செத்த வீட்டில் இரவு முழித்திருக்க காட்ஸ் விளையாடுவது எங்களிடம் வழக்கம். தவறில்லை, பந்தலில் ஆள் இருக்க வேண்டும், பிரேதத்தைத் தனியே விடக்கூடாது. ஆனால் நிலையத்துச் சத்தத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். எட்டுப் பிடியும் உங்களுக்கே வந்தாலும் தாளை மேசையில் ஓங்கி அடிக்காமல் மெல்ல வையுங்கள், உள்ளே இப்போதுதான் கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பார்கள்.