அம்புக்குறி இல்லாத தடம்: நெடுந்தூர மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு ஆயத்தமாகும் முறை

மலைச் சைக்கிள் பந்தயங்களில் ஒரு வகை உண்டு. அதில் வழியெங்கும் அம்புக்குறிகள் இருக்காது, திருப்பங்களில் கொடியசைத்து வழிகாட்ட ஆள் நிற்க மாட்டார், தண்ணீருக்கும் உணவுக்கும் பந்தல் போட்டிருக்க மாட்டார்கள். கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து அமெரிக்க-மெக்சிகோ எல்லையிலுள்ள ஆன்டிலோப் வெல்ஸ் வரை சுமார் 4,400 கிலோமீட்டர் செல்லும் டூர் டிவைட், டென்வருக்கும் டுராங்கோவுக்கும் இடையே சுமார் 850 கிலோமீட்டர் நீளும் கொலராடோ டிரெயில் ரேஸ், கிர்கிஸ்தானில் 2018-இல் தொடங்கிய சில்க் ரோடு மவுண்டன் ரேஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் கடிகாரம் நீங்கள் உறங்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாருக்கும் திறந்திருக்கும் கடையில் எதையும் வாங்கலாம். ஆனால் உங்களுக்கென்று நண்பர் ஒருவர் கொண்டுவந்து தரும் ஒரு பாட்டில் தண்ணீர்கூட விதிமீறலாகவே கருதப்படும்.

இத்தகைய பந்தயத்துக்கு ஆயத்தமாகும் பலர் கால்களுக்குத் தரும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வழியறியும் பயிற்சிக்குத் தருவதில்லை. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 200 கிலோமீட்டர் என்ற இலக்கை மணிக்கு 14 கிலோமீட்டர் சராசரியில் கடக்க 14 மணி 17 நிமிடம் ஆகும். சராசரியை 15 ஆக உயர்த்தினால் 13 மணி 20 நிமிடம். அந்த ஒரு கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டுவதற்குப் பல மாத உழைப்பு தேவைப்படும். அதனால் மிச்சமாகும் 57 நிமிடத்தை இருட்டில் தவறவிட்ட ஒரே ஒரு பிரிவுப் பாதை விழுங்கிவிடும். ஆகவே இங்கே வழியறிவதைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன்.

பந்தய அமைப்பாளர்கள் தரும் ஜிபிஎக்ஸ் கோப்பை, அதாவது தடத்தைப் புள்ளிகளின் வரிசையாகப் பதிந்த கணினிக் கோப்பை, வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். முதலில் அதைப் பெரிய கணினித் திரையில், செயற்கைக்கோள் படத்தின் மீதும் சம உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தின் மீதும் வைத்துத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துச் செல்லுங்கள். பாதை எங்கே அகன்ற மண்சாலையை விட்டு ஒற்றையடிப் பாதைக்குள் நுழைகிறது, எங்கே ஆற்றில் இறங்க வேண்டியிருக்கும், அடுத்தடுத்த கடைகளுக்கு இடையே எவ்வளவு தூரம், அவை எந்த நேரத்தில் மூடப்படும், உடல்நிலை மோசமானால் எந்தக் கிளைச்சாலை வழியாக வெளியேறலாம் என்பவற்றையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பல மாலைப் பொழுதுகள் செலவாகும். பந்தயத்தின்போது ஒரு மலைமடிப்பைக் கண்டதும் "இது அந்த இடம்தான்" என்று மனத்தில் தட்டும்போது அவற்றின் பயன் புரியும்.

சில கருவிகள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ள கோப்பை எச்சரிக்கை ஏதுமின்றிப் பாதியில் வெட்டிவிடும் என்பதால், நீண்ட தடத்தை 150 அல்லது 200 கிலோமீட்டர் துண்டுகளாகப் பிரித்து 01, 02 என்று வரிசை எண்ணிட்டு ஏற்றுவது பாதுகாப்பானது. ஒவ்வொரு துண்டின் கடைசிப் புள்ளி வரை கருவியில் தெரிகிறதா என்று பாருங்கள். அதே கோப்பும் இணையமின்றித் திறக்கும் வரைபடமும் கைபேசியிலும் இருக்கட்டும். கடைகளுக்கு இடையிலான தூரங்களை மட்டும் ஒரு தாளில் உங்கள் கையெழுத்தில் எழுதி, நனையாத உறையிலிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் தாள் அணைந்துபோகாது.

குறுகிய பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரங்களின் கீழும் செயற்கைக்கோள் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்புவதால், திரையில் காட்டும் இடம் உண்மையான இடத்திலிருந்து பல மீட்டர் விலகியிருக்கக்கூடும். இரண்டு பாதைகள் அருகருகே பிரியும் இடத்தில், நீங்கள் எதில் நிற்கிறீர்கள் என்பதை அப்போது கருவியால் சொல்ல முடியாது. பிரிவைக் கடந்ததும் நூறு மீட்டர் சென்று மீண்டும் திரையைப் பார்க்கும் பழக்கம் இதற்காகத்தான். உங்கள் குறி தடக்கோட்டிலிருந்து விலகிக்கொண்டே போனால் யோசிக்காமல் திரும்பிவிடுங்கள். "முன்னால் போனால் எப்படியும் சேர்ந்துவிடும்" என்று களைத்த மனம் சொல்லும் யோசனையை மலையில் ஒருபோதும் கேட்காதீர்கள்.

ஏற்றத்தில் வழி தவறுவது மலிவான பிழை, இறக்கத்தில் தவறுவது விலையுயர்ந்த பிழை. நிலவில்லாத ஓர் இரவில் அகன்ற மண்சாலையில் கை விறைக்க இறங்கிக்கொண்டிருந்தேன். நான் திரும்ப வேண்டிய ஒற்றையடிப் பாதை ஒரு வளைவில் விழுந்துகிடந்த மரத்தின் பின்னால் இடப்புறம் பிரிந்திருக்கிறது. விலகலை எச்சரிக்கும் ஒலி காற்றின் இரைச்சலில் காதில் விழவில்லை. நான்கு கிலோமீட்டர் இறங்கிய பிறகே கவனித்தேன். ஏறித் திரும்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்று முதல் இறக்கத்தில் வரும் பிரிவுகளின் உயரத்தை ஒரு வெள்ளை ஒட்டுநாடாவில் "1,840 – இடது" என்பதுபோல எழுதி ஹேண்டில்பாரின் மேல் ஒட்டிவிடுகிறேன். இறங்கும்போது தூரத்தைவிட உயரம் காட்டும் எண்ணே நல்ல வழிகாட்டி. ஆனால் காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவி வானிலை மாறும்போது பிசகும் என்பதால், உயரம் தெரிந்த கணவாய்களில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

காகித வரைபடத்தையும் திசைகாட்டியையும் கையாளத் தெரிந்திருப்பது இன்னும் அவசியமே. 1:50,000 அளவிலான வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். சம உயரக் கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் நீங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கப் போகிறீர்கள் என்று பொருள். அப்படித் தள்ள வேண்டிய பகுதிக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணிக்க, 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி நடைப்பயணத்துக்கு வகுத்த விதி உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏறும் கணவாய்க்கு இதன்படி 2 மணி 42 நிமிடம் வரும். சுமை ஏற்றிய சைக்கிளுடன் ஏறுபவர் பாதி நேரத்தைக் கூடுதலாகச் சேர்த்து நான்கு மணி நேரம் என்று திட்டமிடுவது நல்லது. திசைகாட்டியைப் பார்க்கும்போது சைக்கிளையும் கைபேசியையும் விட்டுச் சில அடி தள்ளி நில்லுங்கள். இரும்பும் காந்தமும் முள்ளை இழுக்கும்.

இவற்றையெல்லாம் பகலில், வயிறு நிறைந்து, தெளிவாக இருக்கும்போது செய்து பார்ப்பது பயிற்சியே அல்ல. எட்டு மணி நேரம் ஓட்டிக் களைத்த பிறகு, முன்பின் தெரியாத ஒரு தடத்தில் பொழுது சாயும் வேளையில் நுழைந்து, நள்ளிரவு வரை வழி கண்டுபிடித்துச் சென்று, வெளியிலேயே படுத்து, விடியுமுன் மறுபடி கிளம்புங்கள். பந்தயத்துக்கு முந்தைய மூன்று மாதங்களில் இப்படி நான்கைந்து இரவுகள் கழித்தால், எந்தப் பையில் எது இருக்கிறது என்பது கைக்குத் தானாகத் தெரியும். எந்தப் பொருள் வேண்டாத சுமை என்பதும் தெரிந்துவிடும்.

மின்சாரக் கணக்கையும் இந்த இரவுகளிலேயே சரிபார்க்க வேண்டும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது சுமார் 37 வாட்-மணி. மின்னழுத்த மாற்றத்தில் வீணாவது போக அதில் மூன்றில் இரண்டு பங்குதான் கைக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் அதுவும் குறையும். சக்கரத்தின் அச்சில் டைனமோ பொருத்தியவர்கள் கவலையற்றிருப்பார்கள் என்பது சமவெளியில் உண்மை. மலையில் மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது அது கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றப் போதுமான மின்சாரம் தராது. இரவில் பவர் பேங்கையும் கைபேசியையும் உங்களோடு தூக்கப் பைக்குள் வைத்துப் படுங்கள்.

சைக்கிளைப் பற்றி: பந்தயத்துக்குக் கடைசி இரண்டு வாரங்களில் சீட், ஷூ, பெடல் எதையும் புதிதாக மாற்றாதீர்கள். டியூப்லெஸ் டயரில் துளை விழுந்தால் அடைப்பதற்காக உள்ளே ஊற்றும் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதால் ஒரு வாரத்துக்கு முன் புதிதாக ஊற்றுங்கள். ஆனாலும் ஒரு டியூபைக் கொண்டுசெல்லுங்கள். 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டிருந்தால் மாற்றிவிடுங்கள். செயினை இணைக்கும் விரைவுக் கண்ணி, இரண்டு ஜோடி பிரேக் பேட், பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஆகியவை கட்டாயம். ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி வடிவம் கொண்டது. சிற்றூர்க் கடையில் அது கிடைக்கும் என்று நம்பினால் அங்கேயே தங்க வேண்டியிருக்கும். அரிசோனா டிரெயில் ரேஸில் கிராண்ட் கேன்யனைக் கடக்கும்போது சக்கரம் தரையில் படக் கூடாது, சைக்கிளையே முதுகில் கட்டிச் சுமக்க வேண்டும். உங்கள் தடத்தில் அப்படிப்பட்ட பகுதி இருந்தால், சைக்கிளைக் கழற்றிக் கட்டிச் சுமந்து பாருங்கள். முதல் முறையில் பெடல் விலாவைக் குத்தும்.

உடலைப் பொறுத்தவரை, ஒரே நாளில் மிக நீண்ட தூரம் ஓட்டுவதைவிட அடுத்தடுத்த இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து ஓட்டுவதே இந்தப் பந்தயத்துக்குப் பொருத்தமான பயிற்சி. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் உள்ளங்கையில் செல்லும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். ஹேண்டில்பாரை உயர்த்துங்கள், பிடியை மாற்றிக்கொண்டே இருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குளிர் கூடும். வியர்வையோடு கணவாயை அடைபவருக்குக் குளிர் உறைக்காது. இறங்கிய பத்து நிமிடத்தில் பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்காது. குளிர் தெரிவதற்கு முன்பே, உச்சியிலேயே ஜாக்கெட்டை அணிந்துவிடுங்கள். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள்; நிலை மோசமானால் கீழே இறங்குங்கள்.

உங்கள் இருப்பிடத்தைக் காட்டும் செயற்கைக்கோள் கருவியை வீட்டிலிருந்து பார்ப்பவர்களிடம், திரையில் புள்ளி நகராமல் நின்றால் உறக்கமாகவோ சமிக்ஞைக் குறைவாகவோ இருக்கலாம் என்பதையும், எத்தனை மணி நேரம் கழிந்தால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

தொடங்கும் அன்று காலை, அமைப்பாளர்கள் கடைசி நேரத்தில் மாற்றிய கோப்பு ஏதேனும் வந்திருக்கிறதா என்று பார்த்து, முதல் துண்டைத் திறந்து வையுங்கள். கூட்டம் வேகமாகக் கிளம்பும். முன்னால் செல்லும் சிவப்பு விளக்குகளைப் பின்தொடர்வது எளிதாகத் தோன்றும். முதல் பிரிவில் அவர்கள் அனைவரும் வலப்புறம் திரும்பினாலும், நீங்கள் திரையைப் பார்த்த பிறகே திரும்புங்கள்.