ஊட்டிக் குளிரில் ஃப்ளை ராடு கட்டுவது

ஃப்ளை ராடு, அதாவது பூச்சி மாதிரிக் கட்டிய தூண்டிலை வீசி மீன் பிடிக்கும் கம்பு, விலை கையைக் கடிக்கிறதா, எதுவும் பொருத்தாத வெறும் கம்பை, அதாவது பிளாங்கை மட்டும் வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். ஊட்டி பக்கத்து அவலாஞ்சியில் 1907-ல் டிரவுட் என்ற குளிர்நீர் மீனுக்குக் குஞ்சு பொரிப்பகம் வந்த நாளிலிருந்து நம் மலை ஓடைகளில் டிரவுட் உண்டு, ஆனால் ஓடை குறுகல், மேலே சோலைமரம் கவிந்து கிடக்கும், ஒன்பது அடி ராடை வீசினால் கிளையைத்தான் பிடிப்பீர்கள். ஏழரை அடி, நாலாம் எண் (வீசும் நூலின் எடையைக் குறிக்கும் எண்), கண்ணாடி இழை பிளாங்க் போதும். கார்பனை விட மலிவு, கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும்.

அரை அங்குலக் கார்க் வளையம் 12 வாங்கி உருட்டு அரத்தால் துளையைப் பெரிதாக்கி ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்தால் கைப்பிடி தயார். தூண்டில் நூல் ஓடும் வளையம், அதாவது கைடு, எட்டு வேண்டும், அதுபோக நுனிக்கு ஒன்று. நுனி வளையத்துக்கு மட்டும் சூட்டில் உருகும் பசை போடுங்கள், பின்னால் உடைந்தால் லேசாகச் சூடுகாட்டிக் கழற்றலாம்.

மற்ற கைடுகளை நூல் சுற்றிக் கம்போடு கட்ட வேண்டும், அதற்கு மெஷின் வேண்டாம். அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கமும் V மாதிரி வெட்டி அதில் கம்பை வையுங்கள். நூல்கண்டை டீ கிளாசில் போட்டு, நூலைத் தடிமனான புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே இழுத்தால் இறுக்கம் தானாக வரும். கைடின் கால் நுனியை முதலில் அரத்தால் சரிவாக்குங்கள், இல்லாவிட்டால் நூல் அதில் ஏறாமல் வழுக்கும். முடிய ஏழெட்டுச் சுற்று இருக்கும்போது தனி நூலை மடித்துக் கண்ணியாக வைத்து அதன்மேல் சுற்றி, கடைசி நுனியைக் கண்ணிக்குள் விட்டு இழுத்தால் முடிச்சே தெரியாது.

அப்புறம் சுற்றிய நூலின் மேல் எபாக்சி, அதாவது இரண்டு பாட்டில் திரவத்தைக் கலந்தால் இறுகும் பூச்சு, இங்கேதான் மலைக்காரன் மாட்டுவான். ஒரு ஜூலையில் பனிமூட்டம் உள்ளே வரும் வராந்தாவில் பூசிவிட்டுத் தூங்கினேன், காலையில் பார்த்தால் மோர் கலந்த மாதிரி வெள்ளை, பிசுபிசுப்பு வேறு, எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி சுற்றினேன். அதனால் கலக்குமுன் இரண்டு பாட்டிலையும் மூடியோடு வெந்நீரில் வையுங்கள், சிரிஞ்சில் சம அளவு எடுங்கள், மெதுவாகக் கலக்குங்கள். அறையை மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வேலையை வையுங்கள். முதல் இரண்டு மணி நேரம் சில நிமிஷத்துக்கு ஒருமுறை கால் சுற்றுத் திருப்பாவிட்டால் கீழ்ப்பக்கம் சொட்டு நிற்கும்.

தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் மூன்று நாள் வளைக்காதீர்கள். அதற்குள் எந்த ஓடையில் பிடிக்க அனுமதி உண்டு என்று மீன்வளத்துறையில் கேட்டுவிடலாம், காட்டுக்குள் இருக்கும் ஓடை என்றால் வனத்துறையிலும்.