டக்பின்: பந்து தேர்விலும் ஹூக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீண்ட மரப்பாதையில் (லேன்) பந்தை உருட்டி, முக்கோணமாக நிற்கும் பத்துக் கட்டைகளை (பின்) வீழ்த்துவது பௌலிங். அதில் பெரிய பந்தில் ஆடுவது டென்பின், சிறிய பந்தில் ஆடுவது டக்பின். டென்பின் ஆடிப் பழகியவர்கள் டக்பின் லேனுக்கு முதல்முறை போகும்போது, பந்தின் அளவைப் பார்த்து இது சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள். சில வாரங்கள் ஆடியபின், வேறு நல்ல பந்து வாங்கினால் ஹூக் (ஓடும் பந்து பக்கவாட்டில் வளைவது) வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இந்த இரண்டு நினைப்பிலிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாம் கிளம்புகின்றன. டக்பின்னில் ஹூக் கையிலிருந்து வருவது. பந்து அந்தக் கைக்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

மேரிலாந்து, கனெக்டிகட், ரோட் ஐலண்ட் போன்ற அமெரிக்கக் கிழக்கு மாநிலங்களில் வேரூன்றிய ஆட்டம் இது. லேன் டென்பின்னுக்கு உள்ள அதே 60 அடி. பின்களுக்கு நடுவே, மையத்திலிருந்து மையத்துக்கு, அதே 12 அங்குலம். பந்தும் பின்னும் மட்டும் சிறியவை. பந்தின் விட்டம் 4¾ முதல் 5 அங்குலம். எடை 3 பவுண்டு 6 அவுன்ஸிலிருந்து 3 பவுண்டு 12 அவுன்ஸ் வரை. விரல் நுழைக்கத் துளை கிடையாது. பின்னின் பருத்த பகுதியே 4 அங்குலத்தைச் சற்றுத்தான் தாண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு நடுவே ஏறக்குறைய 8 அங்குல வெற்றிடம். 5 அங்குலப் பந்து இரண்டையும் தொடாமலே நடுவில் புகுந்து போய்விடும். எட்டரை அங்குல டென்பின் பந்துக்கு அப்படி ஒரு வழியே இல்லை.

ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்றுக்கு, மூன்று பந்து கொடுத்தும் இந்த ஆட்டம் கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அங்கீகரிக்கப்பட்ட ஆட்டங்களில் முழுப் புள்ளியான 300 எடுத்தவர் இதுவரை எவரும் இல்லை. 1992இல் கனெக்டிகட்டில் பீட் சிக்னோர் ஜூனியர் எடுத்த 279தான் உச்சம்.

இனி பந்து. நடக்கும் முதல் தவறு, இருப்பதிலேயே பெரியதை எடுப்பது. பெரிய பந்து கூடுதலாக இடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதைத் தளர்வாகப் பிடிக்க முடிந்தால் மட்டுமே. பந்தை விரல்களில் பிடித்துக் கையைத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் இரண்டு முறை ஆட்டிப் பாருங்கள். விழாமலிருக்க விரல்கள் இறுகி, முன்கை நரம்பு புடைக்கிறதென்றால் அந்தப் பந்து உங்களுக்குப் பெரிது. இறுகிய கையிலிருந்து ஹூக் வராது; மணிக்கட்டு திரும்பவே திரும்பாது. சின்னப் பந்தை உள்ளங்கைக்குள் அமுக்கிப் பிடிப்பது இதற்கு நேர் எதிரான தவறு. உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே கொஞ்சமாவது இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து தாமதமாக, தன் இஷ்டத்துக்குக் கழன்று போகும். இறுக்காமல் பிடிக்க முடிகிற பந்துகளில் பெரியது எதுவோ, அதுவே உங்கள் பந்து.

அரங்கின் ரேக்கில் (பந்து வைக்கும் தாங்கியில்) கிடப்பவை பல அளவில் இருக்கும். கைக்கு வந்ததை எடுத்து ஒரே ஃப்ரேமில் மூன்று விதமான பந்து வீசினால், பிசகு கையிலா பந்திலா என்று கடைசிவரை தெரியாது. சொந்தமாக வாங்கும்போதும் ஒரே அளவு, ஒரே எடையில் ஜோடியாக வாங்குங்கள். ஒரு துண்டும் பையில் இருக்கட்டும். துளை இல்லாத பந்தில் வியர்வை பட்டால் பிடிமானம் போய்விடும்.

ஹூக் எதற்கு என்று தெரியாமல் அதைப் பழகுவதும் தவறுதான். மூன்றரை பவுண்டுப் பந்து, ஒன்றரை பவுண்டு அளவுள்ள பின்னில் மோதினால் திசை மாறிவிடும். வலக்கைக்காரர், முன்னால் தனியாக நிற்கும் முதல் பின்னுக்கும் அதற்கடுத்த வரிசையில் வலப்பக்கம் நிற்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே நேராக வீசினால், பந்து வலப்பக்கம் விலகி ஓடி, நடுவில் நிற்கும் ஐந்தாம் பின்னை விட்டுவிடும். வலமிருந்து இடமாகச் சாய்ந்து நுழைகிற பந்து அந்த விலகலைத் தாங்கும். நமக்கு வேண்டியது இந்தக் கோணம்தான். பெரிய வளைவு தேவையில்லை, அது எளிதில் வரவும் வராது. டென்பின் பந்துக்கும் இதற்கும் ஒரே சுழற்சி வேகம் கொடுத்தாலும், சிறிய பந்தின் மேற்பரப்பு நகரும் வேகம் அறுபது சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். தொலைக்காட்சியில் பார்க்கும் டென்பின் வளைவை இங்கே எதிர்பார்த்து முறுக்குபவர்கள் தோள்வலியோடுதான் வீடு திரும்புவார்கள்.

என் கணிப்பில், ஆட்டக்காரர்களை அதிகம் பின்தங்க வைப்பது இந்த முறுக்கல்தான். கை கீழே வரும்போதே முழங்கையைத் திருப்ப ஆரம்பித்தால், விடும் நேரத்தில் உள்ளங்கை பந்தின் மேலே ஏறி, தரையைப் பார்த்து நிற்கும். கை இறங்கி வரும் வரை உள்ளங்கை பந்துக்குப் பின்னாலேயே இருக்கட்டும். கணுக்காலைத் தாண்டும்போது கட்டைவிரல் முதலில் விலக வேண்டும்; மற்ற விரல்கள் பந்தின் வலப்பக்கத்தை மேல்நோக்கி வருடிவிட வேண்டும். விட்டு முடித்தபின் உள்ளங்கை இடப்பக்கம் பார்க்க வேண்டும், கட்டைவிரல் மேலே இருக்க வேண்டும். இடக்கைக்காரர்களுக்கு எல்லாமே மறுபுறம்.

சரியாகச் சுழல்கிறதா என்று லேனில் கண்டுபிடிப்பது கஷ்டம். வீட்டில், பந்தைச் சுற்றி வெள்ளை நாடா ஒரு வரி ஒட்டி, கம்பளத்தில் மெதுவாக எதிரே இருப்பவரிடம் உருட்டுங்கள். பந்து பம்பரம் போல நின்ற இடத்திலேயே சுற்றுவதாகத் தெரிந்தால் கை மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். நாடா முன்னோக்கி உருண்டபடியே கொஞ்சம் சாய்ந்து சுழன்றால் சரி. லேனுக்குப் போகுமுன் நாடாவை எடுத்துவிடுங்கள்.

வேகமும் எதிரி. பந்து வளைய நேரம் வேண்டும். பலம் முழுவதையும் போட்டு எறிந்தால், சுழற்சி தரையைப் பற்றுவதற்குள் 60 அடி முடிந்துவிடும். பந்தைக் கடைசி நேரம் வரை விடாமல் பிடித்து, அந்தரத்தில் தூக்கிப் போடுபவர்களும் உண்டு. மரம் அதிரும் சத்தமே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். பந்து ஃபவுல் லைனுக்கு (வீசுபவர் தாண்டக் கூடாத கோட்டுக்கு) சற்று அப்பால், சத்தமில்லாமல் தரை தொட வேண்டும்.

பின் அடுக்கும் இயந்திரம் இறங்கியிருக்கும்போது வீசவே வீசாதீர்கள். டக்பின்னுக்கான தானியங்கி இயந்திரத்தை 1953இல் கென் ஷெர்மன் உருவாக்கினார். அவற்றைச் செய்த நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. இன்று ஒரு லேனில் பாகம் உடைந்தால், பெரும்பாலும் மூடிய வேறொரு அரங்கின் பழைய இயந்திரத்திலிருந்துதான் அதைக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். டக்பின் அரங்குகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவரும் காலத்தில், அவசரத்தில் வீசிய ஒரு பந்தால் ஒரு லேன் முடங்குவதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

ஹூக் கைவந்ததும் எல்லாவற்றுக்கும் அதையே வீசுவது அடுத்த தவறு. ஓரத்தில் ஒற்றைப் பின் நின்றால் மணிக்கட்டைத் திருப்பாமல், எதிர்மூலையிலிருந்து குறுக்காக, நேர்ப்பந்து வீசுங்கள். இரண்டாம் பந்தில் அது விழுந்தால் ஸ்பேர், அடுத்த பந்தின் புள்ளியும் போனஸாகச் சேரும். மூன்றாவதில் விழுந்தால் வெறும் 10 புள்ளிதான், போனஸ் கிடையாது. எனவே பயிற்சிக்குப் போகும் நாளில் பாதி நேரத்தை ஹூக்குக்கும் பாதியை இந்த நேர்ப்பந்துக்கும் ஒதுக்குங்கள்.