படித்துக்கொண்டே டி-ஷர்ட் தொழில் நடத்துவது எப்படி: மாணவத் தொழில்முனைவோருக்கான நடைமுறை வழிகாட்டி

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும்போது, பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது டி-ஷர்ட்தான். திருப்பூர் காதர்பேட்டையில் அச்சில்லாத பிளெயின் பீஸ்களைச் சிறிய எண்ணிக்கையிலும் வாங்க முடிகிறது, டி.டி.எஃப். (வடிவத்தை முதலில் பிலிமில் அச்சிட்டு, பிறகு சூட்டில் துணிமேல் பதிக்கும் முறை) பிரிண்டிங் செய்யும் கடைகளில் ஒரே ஒரு பீஸுக்குக்கூட அச்சிட்டுத் தருகிறார்கள். விற்பதற்குக் கடை பிடிக்க வேண்டியதில்லை, ஓர் இன்ஸ்டாகிராம் பக்கமும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் போதும். சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிவிட முடிகிற இந்தத் தொழிலில் உண்மையான பற்றாக்குறை முதலீடு அன்று, நேரம். வகுப்பு, வீடு, தொழில், பொழுதுபோக்கு ஆகிய நான்கும் ஒரே நாளைப் பங்கு கேட்கின்றன. எதற்கு எவ்வளவு என்பதை நீங்கள் முன்கூட்டியே தீர்மானிக்காவிட்டால், வாடிக்கையாளர்களின் குறுஞ்செய்திகள் தீர்மானித்துவிடும்.

முதலில் ஆண்டு, பிறகு நாள்

எல்லாரும் நாள் அட்டவணையில் இருந்து தொடங்குகிறார்கள். ஆண்டு நாட்காட்டியில் இருந்து தொடங்குவதே சரி. அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளில் ஒற்றைப்படைப் பருவத் தேர்வுகள் பொதுவாக நவம்பர், டிசம்பரிலும் இரட்டைப்படைப் பருவத் தேர்வுகள் ஏப்ரல், மே மாதங்களிலும் வருகின்றன. தீபாவளி விற்பனையோ அக்டோபர் நடுவில் இருந்து நவம்பர் நடுவுக்குள், அதாவது மாதிரித் தேர்வும் ஆய்வகத் தேர்வும் நெருங்கும் நேரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. பொங்கல் விற்பனை மட்டும் தேர்வு முடிந்த கையோடு வருவதால் மாணவர்களுக்குச் சாதகமானது. ஆகவே, தீபாவளிக்கான வடிவமைப்புகளை ஆகஸ்டிலேயே முடித்து, அச்சு வேலையைச் செப்டம்பரில் செய்து, அக்டோபரில் கையிருப்பை மட்டும் விற்பது, தேர்வு நெருங்கியதும் பக்கத்தில் விடுமுறை அறிவிப்பு வைத்துவிடுவது, பொங்கலுக்கு முழு வேகத்தில் இறங்குவது என்று ஆண்டை அமைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக் காலத்தில் கடையை மூடினால் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்ற அச்சம் வேண்டாம். திரும்பி வரும் தேதியைச் சொல்லிவிட்டு மூடுபவரைவிட, ஆர்டரை எடுத்துக்கொண்டு அனுப்பாமல் இருப்பவரைத்தான் மக்கள் மறப்பதில்லை.

துறைக் கருத்தரங்குகளுக்கும் கலை விழாக்களுக்குமான மொத்த ஆர்டர்கள் வேறு வகை. ஐம்பது, நூறு பீஸ் என்று ஒரே முறையில் வருபவை என்பதாலும், பாதி முன்பணம் கேட்டு வாங்க முடியும் என்பதாலும், மாணவத் தொழில்முனைவோர் முதலில் பிடிக்க வேண்டியவை இவையே. வாங்குபவர்களும் கல்லூரிக்குள்ளேயே இருப்பதால் கூரியர் செலவு இல்லை.

நாள் அட்டவணையை வகுக்கும்போது, இந்தத் தொழிலில் உங்களால் மாற்ற முடியாத ஒரே நேரம் கூரியர் அலுவலகத்தில் பார்சல் எடுப்பதை நிறுத்தும் நேரம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மற்ற எல்லா வேலைகளையும் அதற்கு முன்னும் பின்னுமாகத் தள்ளி வைக்கலாம். தினமும் அனுப்புவதைவிட, வாரத்தில் இரண்டு நாட்களை, எடுத்துக்காட்டாகச் செவ்வாயையும் சனியையும், அனுப்பும் நாட்களாக அறிவித்துவிடுவது நல்லது. பேக்கிங், முகவரி எழுதுதல், கூரியர் அலுவலகம் செல்லுதல் ஆகியவை இரண்டு மாலைகளுக்குள் அடங்கிவிடும். செய்திகளுக்குப் பதில் சொல்வதற்கு மதிய உணவு இடைவேளையில் சற்று நேரமும் இரவில் ஒரு மணி நேரமும் ஒதுக்கினால் போதும். வகுப்பில் மேசைக்கடியில் கைபேசியை வைத்துப் பதில் அனுப்புவதால் இரண்டு வேலையும் அரைகுறையாகிறது என்பதை ஆசிரியர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகும் என்பதால், சரக்கு வாங்கத் திருப்பூர் செல்வதைச் சனிக்கிழமைக்கு ஒத்திப்போடுங்கள்.

ஒரு மணி நேரத்தின் விலை

லாபக் கணக்கை எழுதும்போது பெரும்பாலோர் வாங்கிய விலையையும் விற்ற விலையையும் மட்டுமே பார்க்கிறார்கள். ஒரு பீஸுக்குப் பிளெயின் விலை 140 ரூபாய், அச்சு 70, உறையும் லேபிளும் 10, கூரியர் 60 என்று வைத்துக்கொள்வோம், அடக்கம் 280. அதை 349 ரூபாய்க்கு விற்றால் கையில் 69 ரூபாய் நிற்பதுபோலத் தோன்றும். ஆனால், பத்துப் பேரில் ஒருவர் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினால், போக வர கூரியர் 120 ரூபாயும் உறைக்கு 10 ரூபாயும் உங்கள் தலையில் விழும். ஒன்பது பீஸின் லாபமான 621 ரூபாயில் அந்த 130 ரூபாயைக் கழித்தால் மிஞ்சுவது 491. ஓர் ஆர்டருக்கு, பேச்சு முதல் பேக்கிங் வரை, அரை மணி நேரம் செலவாகிறது என்றால் பத்து ஆர்டருக்கு ஐந்து மணி நேரம். ஆக, உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை ஏறத்தாழ 98 ரூபாய். திரும்பி வந்த பீஸை மறுபடி விற்க முடியும் என்று எடுத்துக்கொண்ட கணக்கு இது. வாடிக்கையாளரின் பெயர் அச்சிட்ட பீஸாக இருந்தால் அதுவும் நட்டம்.

இந்த எண்ணைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. இதை உயர்த்தும் வழிகளைத் தேடுவதுதான் தொழில். அளவு அட்டவணையைச் சென்டிமீட்டரில், மார்புச் சுற்றளவோடு வெளியிட்டாலே திருப்பி அனுப்புதல் குறையும். பெயர் அச்சிடும் ஆர்டர்களுக்குத் திரும்பப் பெறுதல் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொருள் கையில் கிடைத்த பிறகு பணம் தரும் முறையைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். வாங்க மறுக்கப்பட்டுத் திரும்பி வரும் பார்சல்கள் சிறு தொழிலை அரித்துவிடும். புதிய லாட் வாங்கும்போது 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), பயோ-வாஷ் (நொதியால் கழுவி மென்மையாக்கியது) என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்காமல், ஒரு பீஸை மட்டும் அச்சிட்டு, வீட்டில் மூன்று நான்கு முறை துவைத்து, நீளம் சுருங்குகிறதா, அச்சு வெடிக்கிறதா, கழுத்துப் பட்டையான ரிப் தொங்குகிறதா என்று பார்த்த பின்னரே மீதியை எடுங்கள்.

வீட்டுக்கும் ஒரு கணக்கு

வீட்டில் ஆதரவு கிடைப்பதில்லை என்று குறைப்படும் மாணவர்களைக் கூர்ந்து கவனித்தால், பலருடைய வீடு ஏற்கெனவே அந்தத் தொழிலில் வேலை செய்துகொண்டிருப்பது தெரியும். சரக்கு மூட்டை கூடத்தின் மூலையில் கிடக்கிறது. அம்மா மடித்துக் கொடுக்கிறார். கூரியர்க்காரர் வந்தால் தங்கை கதவு திறந்து கையெழுத்துப் போடுகிறாள். பெட்ரோல் அப்பாவின் பணம். இந்த உழைப்பும் செலவும் கணக்கில் ஏறாததால்தான், "படிப்பையும் கெடுத்துக்கொண்டு எங்களையும் அலைக்கழிக்கிறான்" என்ற பேச்சு எழுகிறது. பெட்ரோலைச் செலவில் எழுதி அப்பாவுக்குத் திருப்பிக் கொடுங்கள். மடித்துக் கொடுப்பதற்கு ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று அம்மாவுக்கும் எழுதுங்கள். அவர் வாங்க மறுப்பார் என்பது தெரிந்ததே. ஆனாலும் கணக்கில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை, வரவு செலவுத் தாளையும் உள்மதிப்பீட்டுத் தேர்வு மதிப்பெண்களையும் ஒரே அமர்வில் அப்பாவிடம் காட்டுவது, எந்த வாக்குறுதியைவிடவும் அவருடைய பதற்றத்தைத் தணிக்கும். அரியர் விழுந்துவிடுமோ என்பதே அவருடைய கவலை, தொழிலின் மீது அவருக்குப் பகை எதுவும் இல்லை.

வீட்டில் இருந்து முதலீட்டுப் பணம் வாங்குவதற்கு ஒரு வரம்பு வேண்டும். போனால் போகட்டும் என்று குடும்பம் தாங்கக்கூடிய தொகை எதுவோ அதோடு நிறுத்துங்கள். நகையை அடகு வைத்துப் பெரிய லாட் எடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் நான் பரிந்துரைக்க மாட்டேன். விற்காத கோடைச் சரக்குக்கும் சேர்த்து வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

உறவினர்கள் இலவசமாகக் கேட்பார்கள். மாமா மகனுக்கு ஒன்று, சித்தப்பாவின் நண்பருக்கு இரண்டு என்று கொடுத்துக்கொண்டே போவதற்குப் பதிலாக, அடக்க விலையை உறவினர் விலையாக அறிவித்துவிடுங்கள். தை, ஆவணி முகூர்த்த நாட்கள் நாட்காட்டியிலேயே இருப்பதால், குடும்ப விசேஷங்களுக்கான தேதிகளில் ஆர்டர் எடுக்காமல் இருப்பதும் கடினமான காரியம் இல்லை.

கைபேசியைக் கடையாகவும் கைபேசியாகவும் பிரித்தல்

2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசமானது. தனி எண்ணில் அதை வைத்துக்கொண்டால் நண்பர்கள் குழுவும் வாடிக்கையாளர் வரிசையும் கலக்காது. அதில் உள்ள லேபிள் வசதியில் "பணம் வந்தது", "பிரிண்டில்", "அனுப்பியாயிற்று" என்று மூன்று வகைகளை ஏற்படுத்துங்கள். விலை, அளவு, அனுப்பும் நாள் ஆகிய கேள்விகளுக்கு விரைவுப் பதில்களை எழுதி வையுங்கள். வகுப்பு நேரத்தில் தானாகச் செல்லும் செய்தியை அமைத்துவிட்டால், "இரவு எட்டு மணிக்குப் பதில் வரும்" என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு அந்த எண்ணின் அறிவிப்பு ஒலியை வகுப்பு நேரத்தில் நிறுத்திவிடலாம்.

பணம் அனுப்பியதற்கான திரைப்பிடிப்பை மட்டும் நம்பி ஒருபோதும் பொருளை அனுப்பாதீர்கள். அத்தகைய படங்களைப் போலியாக உருவாக்குவது எளிது என்பதால், வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பின்னரே "பணம் வந்தது" லேபிளைப் போடுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண்ணை இடத் தேவையில்லை. இடச் சொன்னால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்திருந்தால், ஏதோ ஒரு புகாரில் அந்தக் கணக்கு முடக்கப்பட்டாலும் விடுதிக் கட்டணத்துக்கான பணம் சிக்கிக்கொள்ளாது.

தமிழ் வாசகங்களை அச்சிடுவோர் எழுத்துருவைக் கவனிக்க வேண்டும். கேட்டமரன், முக்தா மலர், பலூ தம்பி போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிகப் பயன்பாட்டுக்கும் தடை இல்லை. பிரிண்டிங் கடையின் கணினியில் கோப்பைத் திறக்கும்போது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இடம் மாறி எழுத்து உடைவது அடிக்கடி நடப்பதால், எழுத்துகளை வடிவங்களாக மாற்றி, பின்னணி இல்லாத பி.என்.ஜி. கோப்பாகக் கொடுங்கள். அச்சுக்கு முன் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நாற்பது பேர் முதுகில் ஏறிய சந்திப்பிழையை அழிக்க வழியில்லை.

சினிமாவும் கிரிக்கெட்டும்

இந்தத் தொழிலில் பொழுதுபோக்கே மூலப்பொருளாகிவிடுவதுதான் சிக்கல். முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில், நாயகனின் முகத்தையும் வசனத்தையும் போட்டு விற்கலாம் என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். திரைப்படச் சுவரொட்டிகளும் ஒளிப்படங்களும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. நடிகர்களின் பெயருக்கும் உருவத்துக்கும் தனி உரிமை உண்டு. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்றுக்கொண்டது. ஐ.பி.எல். அணிகளின் சின்னங்களும் வணிகக் குறிகளே. ஊரெல்லாம் விற்கிறார்களே என்பது வாதமாகாது. உங்கள் ஊர்ப் பேச்சையும், கல்லூரிக் கிண்டலையும், பேருந்துப் பயணத்தையும் வைத்துச் சொந்தமாக எழுதிய வாசகம், அடுத்த படம் வந்தவுடன் பழசாகாது என்பதால் கையிருப்பும் தேங்காது. விளம்பர ரீல்ஸுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: திரைப்பாடல்களுக்குப் பதிலாக, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் இலவசமாக வழங்கும் ஒலித் தொகுப்பைப் பயன்படுத்துங்கள்.

ரீல்ஸ் பார்ப்பதை "மார்க்கெட் ஆராய்ச்சி" என்று சொல்லிக்கொள்வது இந்தத் தலைமுறைத் தொழில்முனைவோரின் அழகான ஏமாற்று. ஆராய்ச்சிக்கு நேரம் குறித்துக்கொண்டு, பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதினால் அது ஆராய்ச்சி. படுக்கையில் நள்ளிரவு தாண்டினால் வெறும் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு தவறில்லை. வாரத்தில் ஒரு மாலை முழுவதையும் கடை எண்ணை அணைத்துவிட்டு நண்பர்களுடன் படத்துக்கோ விளையாடவோ செல்லுங்கள். ஐ.பி.எல். மட்டும் இரட்டைப்படைப் பருவத் தேர்வோடு மோதுகிறது. எந்தெந்த ஆட்டங்கள் என்பதை முன்னரே தேர்ந்தெடுத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பதிவுகளும் கல்லூரியின் அனுமதியும்

பதினெட்டு வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதால், அதுவரை பெற்றோர் பெயரில் நடத்துங்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும், இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டாம். ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால், பெங்களூருவில் இருக்கும் பழைய மாணவருக்கு ஒரே ஒரு டி-ஷர்ட்டை விற்றாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் விற்பனையாகி, பதிவு தேவைப்படும். இதை அறியாமல்தான் பலர் இன்ஸ்டாகிராமில் "இந்தியா முழுவதும் அனுப்பப்படும்" என்று எழுதிவிடுகிறார்கள். தொடக்கத்தில் "தமிழ்நாட்டுக்குள் மட்டும்" என்று எழுதுங்கள்.

மத்திய கல்வி அமைச்சகத்தின் 2019-ஆம் ஆண்டுத் தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை, மாணவர் தம் தொழிலையே புராஜெக்ட்டாகக் காட்டுவதற்கும், ஒரு பருவம் அல்லது ஓராண்டு இடைவெளி எடுப்பதற்கும், உரிய அனுமதியோடு வருகைப்பதிவில் தளர்வு பெறுவதற்கும் இடம் அளிக்கிறது. இது கல்லூரிகளுக்கான வழிகாட்டுதல் என்பதால் தானாக நடைமுறைக்கு வந்துவிடாது. பருவம் தொடங்கும் வாரத்திலேயே துறைத்தலைவருக்கும் கல்லூரியின் தொழில்முனைவோர் பிரிவுக்கும் எழுத்துமூலமாக விண்ணப்பித்து, எழுத்துமூலமாகவே பதிலையும் பெற்றுக்கொள்ளுங்கள். வருகைப்பதிவு குறைந்த பிறகு கொண்டுபோகும் விண்ணப்பத்தை யாரும் பரிவோடு படிப்பதில்லை.