உங்கள் ஊருக்கு நீங்களே மழை முன்னறிவிப்பு வெளியிடுவது எப்படி?

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்செந்தூரில் 69 செ.மீ. இரண்டும் தூத்துக்குடி மாவட்டம்தான். மாவட்டம் முழுவதற்கும் ஒரே வரியில் வரும் அறிவிப்பு இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அந்த இடைவெளியை நிரப்ப ஊரில் ஒருவர் இருந்தால் நெல்லைக் காய வைப்பவருக்கும் பந்தல் போடுபவருக்கும் அது பேருதவி. பட்டமோ பெரிய முதலீடோ தேவையில்லை. தினமும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்யும் பொறுமை மட்டும் கட்டாயம் வேண்டும்.

முதல் படி: மழைமானி

பலரும் கணினி வரைபடத்தில்தான் தொடங்குகிறார்கள். அளவீட்டில் தொடங்குங்கள் என்பேன். நேற்று எவ்வளவு பெய்தது என்று அளக்காதவர் நாளைய மழையைச் சொன்னால், அது சரியா தவறா என்று அவருக்கே தெரியாது.

வாய் விட்டம் 20 செ.மீ. உள்ள புனல் ஒன்றை ஒரு கேனில் பொருத்துங்கள். அந்த வாயின் பரப்பு 314 சதுர செ.மீ. எனவே கேனில் 314 மி.லி. தண்ணீர் சேர்ந்தால் 10 மி.மீ. மழை. ஒரு லிட்டர் பாட்டில் 32 மி.மீ. மழையிலேயே வழிந்துவிடும், ஐந்து லிட்டர் கேன் என்றால் ஏறத்தாழ 159 மி.மீ. வரை தாங்கும். பருவமழைக் காலத்தில் இன்னும் பெரியதாக வையுங்கள். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளித் திறந்தவெளியில் இருக்கட்டும். மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால் காற்று அளவைக் கெடுத்துவிடும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நீங்களும் அதே நேரத்தில் அளந்து, அளந்த நாளின் தேதியிலேயே எழுதுங்கள். அப்போதுதான் அருகிலுள்ள அரசு மழைமானியோடு ஒப்பிட முடியும். மழை இல்லாத நாளில் 0 என்று எழுத மறக்காதீர்கள். வெற்றிடம் விட்டால் மழை இல்லையா, அளக்கவில்லையா என்று பின்னால் தெரியாது.

இரண்டாம் படி: எல்லை

ஓர் ஊர், அதைச் சுற்றி பத்துப் பதினைந்து கிலோமீட்டர். தொடக்கத்தில் அவ்வளவு போதும்.

மூன்றாம் படி: மாதிரிகளைப் படிப்பது

மாதிரி என்றால் இப்போதைய வானிலை நிலவரத்தை வைத்து வரும் நாட்களின் வானிலையைக் கணிக்கும் கணினி நிரல். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ்., ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி, ஜெர்மனியின் ஐகான் ஆகிய மூன்றையும் விண்டி போன்ற தளங்களில் இலவசமாகப் பார்க்கலாம். ஜி.எஃப்.எஸ். நாளுக்கு நான்கு முறை கணிக்கிறது. 00 என்று குறிக்கப்பட்ட கணிப்பு நம் நேரப்படி காலை 5.30 மணி நிலவரத்தை வைத்து ஓடுவது. படமாக வர மேலும் சில மணி நேரம் ஆகும்.

வண்ணப் படம் ஒன்றைப் பார்த்ததும் அறிவித்துவிடாதீர்கள். மூன்று மாதிரிகளும் ஒத்துப்போகின்றனவா, நேற்றைய கணிப்பும் இன்றைய கணிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாத நாளில் அதையே எழுதுங்கள்.

நான்காம் படி: ரேடார்

அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மாதிரிகளைவிட ரேடார்தான் கைகொடுக்கும். சென்னை, காரைக்கால் ரேடார் படங்கள் வானிலைத் துறையின் தளத்தில் கிடைக்கின்றன. அரை மணி நேர இடைவெளியில் இரண்டு படங்களை ஒப்பிடுங்கள். மேகக்கூட்டம் 15 கி.மீ. நகர்ந்து, இன்னும் 60 கி.மீ. தொலைவில் இருந்தால் வந்துசேர இரண்டு மணி நேரம். ஆனால் இடிமேகம் வழியிலேயே கரையலாம், பக்கத்திலேயே புதிதாகவும் எழலாம். ஆகவே படத்தை விடாமல் பாருங்கள்.

பருவத்தையும் மனதில் வைக்க வேண்டும். சென்னைப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் மேற்கிலிருந்து வரும். வடகிழக்குப் பருவமழையில் விடியற்காலையில் கடலிலிருந்து மேகங்கள் கரையேறும்.

ஐந்தாம் படி: எழுதுவது

"இன்று மழை வரலாம்" என்பது யாருக்கும் பயன்படாது. இப்படி எழுதுங்கள்: "இன்று மாலை 5 மணி முதல் 9 மணிக்குள் மழைக்கு 60 சதவீத வாய்ப்பு. பெய்தால் 10 முதல் 30 மி.மீ. வரை. நாளை காலை 6 மணிக்குப் பின் இந்தப் பதிவு செல்லாது."

அந்தக் கடைசி வரி மிக முக்கியம். வாட்ஸ்அப்பில் கைமாறும் படம் வாரக் கணக்கில் சுற்றும். பழைய கனமழைப் பதிவு புதிய பீதியைக் கிளப்பும். எனவே தேதியையும் நேரத்தையும் படத்துக்குள்ளேயே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

"கனமழை" என்ற சொல்லுக்கு வரையறை உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை. அதற்கு மேல் 204.4 மி.மீ. வரை மிக கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. ரெட் அலர்ட், ஆரஞ்சு அலர்ட் ஆகியவை வானிலைத் துறையின் எச்சரிக்கைகள்; நீங்களாக அவற்றை அறிவிக்கக் கூடாது. புயல், அணை திறப்பு என்றால் அரசு அறிவிப்பை அப்படியே பகிருங்கள், மாவட்ட உதவி எண் 1077 என்பதையும் சேர்த்துவிடுங்கள். "நாளை பள்ளிக்கு லீவா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அது ஆட்சியர் முடிவு என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆறாம் படி: கணக்குக் காட்டுவது

ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போதும்: தேதி, நீங்கள் சொன்னது, அளந்தது, குறிப்பு. மாத முடிவில் கூட்டுங்கள். எடுத்துக்காட்டாக, மழை பெய்த 10 நாட்களில் 8 நாட்களை முன்கூட்டியே சொல்லியிருந்தால் 80 சதவீதம் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் மழை என்று 16 முறை சொல்லி 8 முறைதான் பெய்தது என்றால் பாதி வீண் எச்சரிக்கை. இரண்டு எண்களையும் சேர்த்தே வெளியிடுங்கள். தினமும் மழை என்று சொல்பவர் ஒரு மழையையும் தவறவிட மாட்டார், ஆனால் அவரை நம்பி யாரும் துணி காயப்போட முடியாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகஸ்டிலேயே மழைமானியை வைத்து, இரண்டு மாதம் யாருக்கும் அனுப்பாமல் நோட்டில் மட்டும் கணித்துப் பழகுங்கள். செப்டம்பர் இறுதியில் அந்த இரண்டு எண்களையும் பார்த்த பிறகு, முதல் பதிவை எப்போது வெளியிடுவது என்று முடிவெடுக்கலாம்.